உறைமோர் ரூமில் ஒரு சாப்பாட்டு டப்பா

அந்தப் பால் ஆலையில் தர அதிகாரிக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் பினாயில். முகத்துக்கு நேரே 'சார்', முதுகைக் காட்டினால் 'பினாயில்'. அவருக்கும் இது தெரியும். வருத்தம்தான், ஆனால் வருத்தத்துக்காகத் தன்னை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை அவர். கதவை முழங்கையால் திறப்பார். யாராவது கைகுலுக்க வந்தால் எட்ட நின்றே கும்பிட்டுவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டிரைவரின் சட்டைப்பையிலிருந்து வறுத்த கடலைப் பொட்டலத்தை இரண்டு விரலால் எடுத்து, எல்லோரும் பார்க்கக் குப்பையில் போட்டவர். அந்த டிரைவர் வேலையை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகியும் கடலைக் கதை மட்டும் ஆலையை விட்டுப் போகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்ட மனிதருக்குச் சோறு போட்டதே கிருமிதான். ஆலையில் தயாரானது சின்ன பாட்டிலில் வருகிற புளித்த பால். ஒவ்வொரு பாட்டிலிலும் கோடிக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும். வயிற்றுக்கு நல்லது என்று மருத்துவமனைகள் வாங்கின. இரண்டு வேலையையும் பினாயில் சார்தான் பார்த்தார்: நல்ல பாக்டீரியா குறையாமல் இருக்கிறதா என்று எண்ணுவது, கெட்டது ஒன்றுகூட இல்லை என்று உறுதி செய்வது. கிருமி என்றாலே முகம் சுளிக்கிறவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. நல்லவனும் கெட்டவனும் ஒரே தெருவில் இருந்தால் தெருவையே இடிப்பாயா என்று கேட்பார்.

நல்லவன் மேல் அவருக்கு இருந்தது வெறும் தொழில் மரியாதை இல்லை. வாலிபத்திலிருந்தே எதைச் சாப்பிட்டாலும் அவருக்கு வயிறு கடமுடா என்னும். இந்த ஆலையின் பாக்டீரியாவைக் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அது அடங்கியது. அன்றே ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் கொடுத்து, இனி வீட்டில் இதைக்கொண்டுதான் உறை ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைக்கு, நாளைய தயிரில் ஒரு கரண்டி மறுநாளைக்கு. இப்படியே வருஷக்கணக்காக அந்த வம்சம் அவர் வீட்டு அடுப்படியில் தழைத்தது. நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோல் அந்தத் தயிரைப் பற்றிப் பேசுவார்.

ஆலையின் நடுவில் இரட்டைக் கதவு போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. பெயர்ப்பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருந்தாலும் எல்லோரும் அதை உறைமோர் ரூம் என்றே சொன்னார்கள். வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் செய்கிற வேலையை இங்கே சின்ன பாட்டில்களில் தொடங்கி, வளர்த்து, பெரிய தொட்டிகளில் ஊற்றுவார்கள். அங்கே வடிகட்டிய காற்றைத் தவிர வேறெதற்கும் அனுமதி இல்லை. உள்ளே போகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பினாயில் சார். இன்னொருத்தி அவரே தேர்ந்தெடுத்து, அவரே வேலை கற்றுக்கொடுத்த பெண். ஆலையில் அவளைவிட மூத்தவர்களும் அவளை உறைமோர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவன் வெளியூரில் லாரி ஓட்டினான், வந்தால் வந்தான். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் இந்தச் சம்பளத்தில்தான் அவள் காப்பாற்றினாள். சார் கழுவு என்றால் கழுவுவாள். மறுபடி கழுவு என்றால் ஏன் என்று கேட்காமல் மறுபடி கழுவுவாள்.

இனி, சாரின் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேன்டீனைத் தாண்டி எந்தத் தின்பண்டமும் ஆலைக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். ஆனால் கேன்டீனில் அவரால் உட்கார முடியாது. ஈரத்துணியால் துடைத்த மேசை, பக்கத்தில் யாரோ தும்முகிற சத்தம், போதும், பசி போய்விடும். அவருடைய சொந்த அறையின் ஜன்னலோ கழிவுநீர்க் கால்வாயைப் பார்த்து இருந்தது. நன்றாக யோசித்தார். ஆலையிலேயே சுத்தமான இடம் எது? உறைமோர் ரூம். சுத்தமான இடத்தில்தானே மனிதன் சாப்பிட வேண்டும்? படித்தவர் இல்லையா, கணக்கு சரியாக வந்தது.

ஆக, தினமும் மத்தியானம் உறைமோர் அக்கா சாப்பிட வெளியே போனதும், தொப்பியும் முகமூடியும் அங்கியும் மாட்டிக்கொண்டு உள்ளே போவார். ஸ்டூலில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றி, குளிர்பெட்டியில் உறைமோர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவை எடுப்பார். சோற்றை முடித்துவிட்டு, தயிர் இருக்கும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மோராகும்வரை குலுக்குவார். திறக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும், நாலு துளி தெறிக்கும். குடித்துவிட்டு மேசையை ஸ்பிரிட்டால் துடைப்பார். மனசாட்சி என்று ஒன்று அவரிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்குமானால் பதில் தயாராக இருந்தது: வெளிச் சாப்பாட்டுக்குத்தான் தடை, இது இந்த அறையில் பிறந்த பாக்டீரியா, தாய்வீட்டுக்கு வந்துபோகிறது, அவ்வளவுதான்.

இப்படியிருக்க, ஒருநாள் பால் புளிக்கவில்லை.

தொட்டியில் உறை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். வெதுவெதுப்பாக, வெள்ளையாக, ஊற்றிய மேனிக்கு அப்படியே இருந்தது. இது வெறும் நஷ்டம் மட்டும் இல்லை. நல்ல பாக்டீரியா சீக்கிரம் புளிக்க வைத்தால்தான் அந்தப் புளிப்பில் கெட்டது தலையெடுக்காது. பாயை விரித்து வைத்துவிட்டு வேண்டியவன் வராமல் போனால் வேண்டாதவன் வந்து படுத்துக்கொள்வான் என்று சாரே பயிற்சி வகுப்பில் சொல்வார். குடிக்கப்போகிறவர்கள் நோயாளிகள். ஆகவே தொட்டியை அப்படியே சாக்கடையில் திறந்துவிடச் சொன்னார். அடுத்த தொட்டி பாதி புளித்து நின்றுவிட்டது. அதற்கடுத்தது சரியாக வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மறுபடியும் ஒன்று படுத்துக்கொண்டது.

பால் வாங்குகிறவர் கொதிகலன்காரரைச் சொன்னார், கொதிகலன்காரர் மாடுகளைச் சொன்னார். மாடுகளுக்கு யாரையும் சொல்ல வாய்ப்பில்லாததால் பேச்சு அங்கே நின்றது. பினாயில் சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். குழாய்களைக் கழற்றினார், குளோரினைக் கூட்டினார். உறைமோர் ரூமைக் காலையில் தரை, சுவர், கூரை என்று ஒரு இடம் விடாமல் கழுவ வைத்தார். காலையில் அந்த அறை கண்ணாடிபோல் இருந்தது. மத்தியானம் களைத்துப்போய் அங்கேயே உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, மோரைக் குலுக்கிக் குடித்தார்.

மருத்துவமனைகள் கேள்வி கேட்கத் தொடங்கின. முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு, காரணம் வேண்டும் என்றார். அதிர்ந்து பேசாத அம்மா அவர். அதனாலேயே எல்லோருக்கும் பயம். அந்த அறைக்குள் யார் யார் போகிறார்கள் என்று கேட்டார்.

"நானும் அந்தப் பொண்ணும்தான் மேடம்."

"அப்புறம் என்ன சார் தேடுறீங்க?" என்றார் முதலாளியம்மா. இரண்டு பேரில் பினாயில் சாரைக் கழித்தால் மிச்சம் யார் என்று கணக்குப் போட அவருக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

சாருக்கும் அந்தக் கணக்கு தப்பாகத் தெரியவில்லை என்பதுதான் கொடுமை. பஞ்சுக்குச்சியால் உறைமோர் அக்காவின் உள்ளங்கையைத் தடவி, கண்ணாடித் தட்டில் தேய்த்து வளர்த்துப் பார்த்தார். சாதாரணத் தோலில் இருக்கிற கிருமிகள் முளைத்தன. யார் கையைத் தடவினாலும் முளைக்கும். நியாயத்துக்குக் குறையக்கூடாது என்று தன் கையையும் சோதித்தார். மூன்று தடவை சோப்புப் போட்டு, ஸ்பிரிட்டில் நனைத்து, உலர்ந்த பிறகு. அந்தத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை. முதலாளியம்மாவின் மேசையில் இரண்டு தட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபோது, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. சாரும் எதையும் விளக்கவில்லை.

உறைமோர் அக்காவை அன்று சாயங்காலமே நிறுத்திவிட்டார்கள். சத்தம் போடவில்லை, காதும் காதும் வைத்தாற்போல் முடித்தார்கள். அவள் ஒரே ஒரு விஷயம் கேட்டாளாம்: சார் சொன்னாரா என்று. ஆமாம் என்றார்கள்.

அவள் வேலையையும் சேர்த்து சார் பார்க்க வேண்டியதாயிற்று. புது உறைமோர் பாக்கெட்டைப் பிரித்து வளர்ப்பது, தொட்டிக்குத் தொட்டி ஓடுவது என்று உட்கார நேரமில்லை. மத்தியானச் சாப்பாட்டை, கால்வாயைப் பார்த்த தன் அறையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபடி விழுங்கினார். பால் உறைந்தது. மறுநாளும் உறைந்தது. அடுத்தடுத்த தொட்டிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு, கரண்டியை நட்டால் நிற்கும் என்கிற மாதிரி உறைந்தன. அந்தப் பெண் போனாள், சனியனும் போச்சு என்று கொதிகலன்காரர் எல்லோரிடமும் சொன்னார். சாருக்கும் மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. தப்பு செய்யவில்லை என்கிற நிம்மதி.

அது ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்காரும்வரைதான் நீடித்தது. அன்று வீட்டுத் தயிர் கொழகொழவென்று நீர்த்து இருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு மனைவி கொஞ்சம் தயங்கினாள்.

"கொஞ்ச நாள் முன்னாடி குளிர்ல உங்க ஆலைத் தயிர் சரியா தோயலைங்க. சொன்னா நீங்க பாடம் எடுப்பீங்க. அதான் கடைத் தயிர் ஒரு ஸ்பூன் சேர்த்து ஊத்திட்டு இருந்தேன். இப்போ அதுவும் இப்படி ஆயிடுச்சு."

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எப்போதிருந்து கடைத் தயிர் சேர்க்கிறாய் என்று கேட்டார். அவள் யோசித்து, விரல் மடக்கிச் சொன்னாள். ஆலையில் முதல் தொட்டி படுத்துக்கொள்வதற்குக் கொஞ்சம் முன்பிருந்து.

பாக்டீரியாவையே தின்று வாழ்கிற வைரஸ்கள் உண்டு. மனிதனை ஒன்றும் செய்யாது. தனக்கு வேண்டிய பாக்டீரியாவைப் பார்த்துவிட்டால் மட்டும் குடும்பத்தோடு காலி செய்துவிடும். அது கடைத் தயிரில் வந்து, டப்பாவில் ஏறி, வடிகட்டிய காற்றின் நடுவில் 'டப்' என்று திறக்கப்பட்டு, பாட்டில்கள் இருக்கும் இடத்தில் தெறித்திருந்தால்? அதற்கு ஸ்பிரிட் ஒரு பொருட்டே இல்லை. தின்பதற்குத் தன் இனத்துப் பாக்டீரியா இல்லாத இடத்தில்தான் அது பட்டினி கிடக்கும். வீட்டில் வளர்ந்தது வேறு தயிரின் பாக்டீரியாவாக இருந்திருந்தால் அதற்கு இவ்வளவு வசதி கிடைத்திருக்காது. வம்சம் ஒன்று என்று அவர் பெருமைப்பட்டாரே, அந்தப் பெருமைதான் வழி காட்டியிருக்கிறது.

மறுநாள் ஆலையில் சோதித்தார். உறைமோர் ரூமை விட்டு எட்டத்தில் இருந்த பழைய சோதனைக்கூடத்தில், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. ஒரு கண்ணாடித் தட்டு முழுக்க ஆலையின் பாக்டீரியாவைப் பாய் விரித்தாற்போல் பரப்பி, வீட்டுத் தயிரில் தெளிந்த நீரை நன்றாக வடிகட்டி அதன்மேல் ஒரு சொட்டு விட்டார். அடுத்த நாள் காலை பார்த்தபோது, வெள்ளைப் படலத்தின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. அந்த இடத்தில் ஒரு பாக்டீரியாகூட உயிரோடு இல்லை. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவமானத்தில் காது சுட்டது. அந்தப் பெண்ணின் உள்ளங்கையைத் தான் தடவியபோது அவள் விரல்களை நன்றாக விரித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது.

பினாயில் சாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பொய்யர் என்று சொல்ல முடியாது. நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னார். டப்பா, மோர், குலுக்கல், கடைத் தயிர், ஓட்டை. காரணம் நான்தான், அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றார்.

முதலாளியம்மா தட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் குழப்பம் இருந்தது. பிறகு அது மெல்ல இளகியது.

"எங்க வீட்டுத் தயிரை விட்டாலும் இப்படித்தான் ஓட்டை விழும், இல்லையா சார்?"

"விழலாம். ஆனா உங்க வீட்டுத் தயிர் அந்த ரூமுக்குள்ள வரல மேடம். என்னோடது வந்துச்சு."

"நீங்க உறைமோர் ரூம்ல உக்காந்து சாப்பிட்டீங்க. இதை நான் நம்பணும்." முதலாளியம்மா சிரித்தேவிட்டார். "அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு இரக்கம். புரியுது. உங்களுக்கு இப்படியொரு மனசு இருக்குன்னு இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே."

அவர் மறுத்தார். மறுக்க மறுக்க முதலாளியம்மாவின் மரியாதை கூடிக்கொண்டே போனது. அவள் போன பிறகு பால் உறைகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் அங்கே சாப்பிடுவதை நிறுத்தியதால் என்றார் சார். இதைச் சொல்லும்போது அவருக்கே நம்பும்படியாக இல்லை. காரணத்தைக் களைந்துவிட்டோம் என்று மருத்துவமனைகளுக்கு ஏற்கனவே சொல்லியாயிற்று, இனி மாற்றிப் பேசினால் நம் பாட்டிலை யார் தொடுவார்கள் என்று முதலாளியம்மா கடைசியாகச் சொன்னார். அதில் மட்டும் இளக்கம் இல்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்தார். சோதித்த தட்டுகளை அன்றன்றே அழித்துவிட வேண்டும் என்பது சாரே போட்ட விதி. அழித்துவிட்டார்.

விஷயம் முதலாளியம்மாவின் அறையிலிருந்து கேன்டீனுக்கு எப்படியோ கசிந்தது. தன்கீழ் வேலை பார்த்த பெண்ணுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம், உறைமோர் ரூமில் சோறு தின்றேன் என்றுகூடச் சொன்னாராம். கேட்டவர்கள் கண் கலங்கச் சிரித்தார்கள். பினாயில் என்கிற பெயர் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துபோயிற்று. கடலைக் கதையை யாராவது எடுத்தால் மற்றவர்கள் அடக்கினார்கள். அவர் நடந்து வந்தால் பேச்சு நிற்பது பழைய வழக்கம்தான், இப்போது கூடவே ஆட்கள் எழுந்தும் நின்றார்கள். இவ்வளவு காலம் ஆசைப்பட்டது கிடைத்தது. மறுபடி ஒருமுறை சோதனை செய்து, மறுபடி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வீட்டில் தயிர் இருந்தது, ஒரு ஸ்பூன் போதும். ஒரு தடவை சொல்லியாயிற்று, நம்பாதது என் குற்றமா என்று கேட்டுக்கொண்டார். பிறகு மனைவியிடம் சொல்லி அந்தத் தயிர்ப் பாத்திரத்தைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவ வைத்தார்.

உறைமோர் அக்கா ஒருநாள் தன் அலமாரியில் விட்டுப்போன செருப்பையும் துண்டையும் எடுத்துப்போக வந்தாள். வேலை முடிந்து ஆட்கள் கலைகிற நேரம். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில், அவருக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களை ஒரு தடவை பாத்துட்டுப் போகலாம்னு நின்னேன் சார். எனக்காக உங்க பேரைக் கெடுத்துக்கப் பாத்தீங்களாம். எங்கப்பாகூட எனக்காக அப்படிப் பேசினதில்ல."

"அதெல்லாம் இல்லம்மா. நான் நிஜத்தைத்தான் சொன்னேன்" என்றார். நல்ல மனிதர்கள் புகழ்ச்சியை ஒதுக்குகிற குரலில்தான் அது வெளியே வந்தது. அவருக்கே அது கேட்டது.

"நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு சொன்னாங்க" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. முதலில் உங்கள்மேல் கோபம்தான் என்றாள். அப்புறம், நான் போனதும் பால் உறைந்துவிட்டதே என்று யோசித்தாளாம். புது வேலை ஒன்றும் தேடவில்லை. சாப்பாட்டுப் பொருள் எதையும் தொடுகிற வேலைக்குப் போகத் துணிவு வரவில்லை என்றாள்.

"வீட்டில பால் காய்ச்சவே பயமா இருக்கு சார். பிள்ளைங்களுக்கு மாமியார்தான் ஊட்டுறாங்க. நான் பக்கத்துல போறதில்ல. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குதே, அப்படி என்ன சார் இருக்கு என் கையில?"

கையை நீட்டினாள். விரல் மடிப்புகளில் தோல் வெடித்து, ரத்தக் கோடுகள் தெரிந்தன. நகத்தைச் சுற்றி வெளுத்துப்போயிருந்தது.

அவர் வாயைத் திறந்தார். முதலாளியம்மாவிடம் சொன்னபோது இவ்வளவு கஷ்டமாக இல்லை. அந்த அம்மா இவர் எதைச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். இந்தப் பெண் அவர் எதைச் சொன்னாலும் நம்புவாள். ஒன்றுமில்லை உன் கையில், என் டப்பாவில் இருந்தது என்று உட்காரவைத்துச் சொன்னால், இவள் ஒருத்திதான் அதை அப்படியே நம்பி, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்வாள். நாளைக்கு கேன்டீனிலும் வந்து சொல்வாள். கேட்டைத் தாண்டிப் போன இரண்டு பேர் சைக்கிளிலிருந்து இறங்கி அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அவரும் தலையசைத்தார்.

"சோப்பு அதிகமா போடாதம்மா" என்றார். "ராத்திரி படுக்கும்போது எண்ணெய் தடவு. ஆறிடும்."

"சரி சார்" என்றாள். இத்தனை நடந்த பிறகும் தன்மேல் அக்கறையாக ஒரு வார்த்தை சொன்னாரே என்கிற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. செருப்பையும் துண்டையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர் சொன்னதை அவள் தவறாமல் செய்வாள் என்பது அவருக்குத் தெரியும்.